கஸ்டம் வில் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி: கைக்கு ஒத்து வர்ற கிரிப்பை எப்படி முடிவு பண்றது

மூணு வருஷத்துக்கு முன்னாடி 780 டாலர் குடுத்து ஒரு லாங்போ, அதாவது நீளமான பழைய பாணி வில், செய்யச் சொல்லி வாங்கினேன். எட்டு மாசம் காத்துக் கிடந்து வந்த வில். கையால பிடிக்கற நடுக்கட்டை, அதாவது ரைசர், வால்நட்; அதுக்கு மேலயும் கீழயும் வளையற பாகம், அதாவது லிம்ப், அதுல மூங்கில், கண்ணாடி மாதிரி ஃபைபர்கிளாஸ் வழியா மூங்கில் கணு எல்லாம் தெரியும், ஹால்ல மாட்டி வச்சா வர்றவங்க எல்லாம் கேப்பாங்க, அவ்ளோ அழகு. ஆனா முப்பது அம்பு விட்டா கட்டைவிரலுக்கு அடியில இருக்கற சதை சிவந்து போயிடும், அம்பதுக்கு மேல போனா மறுநாள் தோசைக்கரண்டி பிடிக்க முடியாது. அஞ்சு மாசம் இழுத்துப் பாத்துட்டு 450க்கு வித்துட்டேன். வாங்க வந்தவர் கை என் கையை விட ஒன்றரை மடங்கு, பிடிச்சதும் அவர் முகமே மலர்ந்துடுச்சு. வில்லுல ஒரு குறையும் இல்லைங்க. நான் ஆர்டர் குடுத்த லட்சணம்தான் குறை.

ரெண்டாவது வில்லுக்கு ஒழுங்கா வேலை பாத்தேன். அதுல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். நான் இருக்கறது மிச்சிகன்ல, அதனால காசு கணக்கு, வரி கணக்கு எல்லாம் அமெரிக்காவோடது. சொல்றது மரத்துல செய்ற லாங்போ, நுனி முன்பக்கமா வளைஞ்ச ரிகர்வ் பத்தி மட்டும்தான், சக்கரம் வச்ச காம்பவுண்ட் வில்லுக்கு இது செல்லாது.

1. இப்பவே கஸ்டம் வேணுமான்னு உங்களையே கேளுங்க

வில் பிடிக்க ஆரம்பிச்சு ஆறு மாசம் கூட ஆகலைன்னா வேண்டாம். முதல் வருஷத்துல உங்க இழுப்பு மாறும், நிக்கற விதம் மாறும், கை வில்லுல உக்கார்ற இடமே மாறும். இன்னிக்கு கைக்கு செஞ்ச கிரிப், அடுத்த வருஷ கைக்கு பொருந்தாது. அதுவரைக்கும் சாமிக் சேஜ் மாதிரி ஒரு டேக்டவுன் ரிகர்வ் போதும், 62 இன்ச் வில், லிம்பை மட்டும் கழட்டி வேற வெயிட்ல மாட்டிக்கலாம் (வெயிட்னா நாணை இழுக்க வேண்டிய பலம், வில்லோட எடை இல்ல), 25 பவுண்ட்ல ஆரம்பிங்க. நான் வாங்கினப்போ 150 டாலருக்குள்ள முடிஞ்சுது. அதை வித்துடாதீங்க, அஞ்சாவது படியில அது வேணும்.

2. எந்தக் கை, எந்தக் கண்

சிரிக்காதீங்க, இதுல ஏமாந்தவங்க உண்டு. ஆர்டர் ஃபார்ம்ல "ரைட் ஹேண்ட்"னு இருந்தா அதுக்கு அர்த்தம் வலது கையால நாண் இழுக்கறவங்களுக்கான வில். வில்லைப் பிடிக்கறது இடது கை. அதாவது கிரிப் செதுக்கறது உங்க இடது கைக்கு, அளவு எடுக்க வேண்டியதும் இடது கையைத்தான். எழுதற கைன்னு நெனச்சு வலது கையை வரைஞ்சு அனுப்பினா வில் செய்றவர் தலையைச் சொறிஞ்சுகிட்டு உக்காந்திருப்பார்.

அதோட எந்தக் கண் ஆதிக்கம்னும் பாத்துடுங்க. ரெண்டு கையையும் நீட்டி நடுவுல ஒரு சின்ன ஓட்டை விட்டு தூரத்துல இருக்கற ஸ்விட்ச்சைப் பாருங்க, ஒவ்வொரு கண்ணா மூடுங்க, எந்தக் கண்ணைத் திறந்து வச்சா ஸ்விட்ச் ஓட்டைக்குள்ளயே நிக்குதோ அதுதான். வலது கைக்காரங்களுக்கு இடது கண் ஆதிக்கமா இருந்தா முதல்ல கோச்சுகிட்ட பேசிட்டு அப்புறம் ஆர்டருக்கு வாங்க, ஏன்னா இடது கை வில்லுக்கு மாறலாமான்னு அப்போதான் முடிவு பண்ண முடியும், வில் வந்த அப்புறம் முடியாது.

3. கை அளவு

மூணு அளவு போதும். இடது கையை ஒரு பேப்பர்ல விரிச்சு வச்சு பென்சிலால சுத்தி வரைஞ்சுக்கோங்க, பென்சில் செங்குத்தா இருக்கணும், சாய்ஞ்சா கால் இன்ச் கூடிடும். மணிக்கட்டு மடிப்புல இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் நீளம். கட்டைவிரலை விட்டுட்டு உள்ளங்கையைச் சுத்தி தையல் டேப் வச்சு சுற்றளவு. என்னோடது நீளம் ஆறே முக்கால் இன்ச், சுத்தளவு ஏழு இன்ச், கடையில ஸ்மால் க்ளவுஸ் போடற கை. நான் முதல் ஆர்டர்ல இதுல ஒண்ணைக் கூட சொல்லலை. அவரும் கேக்கலை, வழக்கமா அவர்கிட்ட வாங்கறவங்களோட பெரிய கைக்கு செய்ற மாதிரியே செஞ்சு அனுப்பிட்டார்.

பேப்பரை ஸ்கேன் பண்ணி அனுப்பறதா இருந்தா பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க. பிரிண்ட் எடுக்கும்போது அவர் மெஷின் "பக்கத்துக்கு ஏத்த மாதிரி" சுருக்கிடுச்சுன்னா உங்க கை குழந்தை கையாயிடும்.

4. கிரிப் வகையை இழுத்துப் பாத்து புரிஞ்சுக்கோங்க, பேரை வச்சு இல்ல

இதுதான் மொத்தக் கட்டுரையோட உயிர்நாடி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

கடையில வில்லை எடுத்து சும்மா பிடிச்சுப் பாப்போம், உள்ளங்கை நெறைய இருந்தா "ஆஹா சுகமா இருக்கே"ன்னு தோணும். சுத்தியல் பிடிக்கற மாதிரி பிடிச்சா நெறைஞ்ச கிரிப்தான் சுகம். ஆனா வில்லை யாரும் அப்படிப் பிடிக்கறதில்ல. நாணை இழுத்ததும் முப்பது பவுண்ட் பாரம் உள்ளங்கையைப் பாத்து தள்ளும், விரல்கள் சும்மா தொங்கணும், பாரம் முழுக்க கட்டைவிரல் பக்கத்து சதையில இறங்கணும். சும்மா பிடிக்கும்போது சுகமா இருக்கறது வேற, இழுத்து நிக்கும்போது சுகமா இருக்கறது வேற. முதல் அம்புக்கு சுகமா இருக்கறதும் இருபத்தஞ்சாவது அம்புக்கு சுகமா இருக்கறதும் கூட வேற வேறதான்.

பாரம் எங்க இறங்கணும்னு தெரிஞ்சுக்க உள்ளங்கையைப் பாருங்க. ஜோசியக்காரங்க ஆயுள் ரேகைன்னு சொல்வாங்களே, கட்டைவிரல் மேட்டைச் சுத்தி வளைஞ்சு வர்றது, அதுதான் எல்லைக்கோடு. கிரிப் அந்தக் கோட்டுக்கு கட்டைவிரல் பக்கமே நிக்கணும், சுண்டுவிரல் பக்கம் தாண்டக் கூடாது. தாண்டினா என்ன ஆகும்? வில்லை நீங்க அறியாமலே முறுக்குவீங்க, அம்பு இடமும் வலமுமா போகும், முன்கை நாண் வர்ற பாதைக்குள்ள வந்துடும், பட்டு பட்டுன்னு அடி விழும். எனக்கு அந்த அஞ்சு மாசமும் முன்கையில நாவப்பழ கலர்ல தழும்பு இருந்துது. கை முட்டியைத் திருப்பு, கை முட்டியைத் திருப்புன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் திருப்பித் திருப்பிப் பாத்தேன், கடைசில பாத்தா முட்டி பாவம் ஒண்ணும் பண்ணலை, கிரிப் தடிமன் அதிகம், சின்னக் கையால அதை வளைச்சுப் பிடிக்க மணிக்கட்டை உள்ளே தள்ளிட்டு இருந்திருக்கேன்.

இப்போ வகைகள். மணிக்கட்டு எந்த உயரத்துல நிக்குதுங்கறதை வச்சு லோ, மீடியம், ஹைன்னு மூணு சொல்வாங்க.

லோ கிரிப்னா உள்ளங்கையோட அடி முழுக்க வில்லுல ஒட்டும். மணிக்கட்டுக்கு ஓய்வு, வெயிட் அதிகமான வில்லுக்கு நல்லது, ஆனா களைச்சுப் போனதும் உள்ளங்கை அடியால தள்ள ஆரம்பிப்போம், அம்பு மேல மேல போகும். ஹை கிரிப்னா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற அந்தப் பள்ளத்துல மட்டும்தான் பாரம். தொடற இடம் கம்மிங்கறதால முறுக்கறது குறையும், ஆனா மணிக்கட்டை நேரா தாங்கி நிக்க சதைக்கு பலம் வேணும், முப்பது அம்புல எனக்கு நடுங்கிடும். மீடியம் ரெண்டுக்கும் நடுவுல, பெரும்பாலான பேர் இங்கதான் வந்து நிப்பாங்க, நானும் மீடியத்துக்கு கொஞ்சம் கீழதான்.

லாங்போல இன்னொரு கணக்கு இருக்கு. ஹோவர்ட் ஹில்ங்கற பழைய அமெரிக்க வில்லாளர் பேர்ல ஹில் பாணின்னு சொல்ற நேரான கிரிப், தோல் சுத்தின தடி மாதிரி இருக்கும், சூட்கேஸ் தூக்கற மாதிரி பிடிக்கணும். கை எங்க உக்காரணும்னு அது சொல்லாது, தினமும் நீங்களேதான் ஒரே இடத்துல வைக்கணும். அதுல லேசா ஒரு குழி விட்டா டிஷ்டு கிரிப், கை கொஞ்சம் பிடிப்பா உக்காரும். இன்னும் ஆழமா ரிகர்வ் மாதிரி கழுத்து வச்சு செதுக்கினா லொகேட்டர் கிரிப், கை தானா போய் அதே இடத்துல விழும். புதுசா வர்றவங்களுக்கு லொகேட்டர்தான் சௌகரியம்னு நான் சொல்வேன், பழைய ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல.

கிரிப்போட கழுத்து, அதாவது அந்த விரல் பள்ளம் உக்கார்ற ஒடுங்கின இடம், அதோட சுத்தளவுதான் சின்னக் கைக்காரங்களுக்கு முக்கியமான நம்பர். என் முதல் வில்லுல அது நாலே முக்கால் இன்ச், இப்போ இருக்கறதுல நாலு இன்ச்சுக்கு ஒரு நூல் கூட. முக்கால் இன்ச் கூட வராதே, என்ன பெரிய வித்தியாசம்னு கேக்கறீங்களா, ஒரு நாள் உங்களோடது இல்லாத செருப்பைப் போட்டுகிட்டு நடந்து பாருங்க.

இன்னொரு சின்ன விஷயம். அம்பை ஷெல்ஃப் மேலயே, அதாவது கிரிப்புக்கு மேல ரைசர்ல வெட்டின திட்டு மேலயே, வச்சு விடற வில்லுல கை அம்புக்கு ரொம்ப கிட்ட இருக்கும். இறகோட முன்முனை ஆள்காட்டி விரல் கணுவைக் கீறிட்டுப் போகும். இறகு முனையில ஒரு சொட்டு பசை வச்சு மழமழன்னு ஆக்கிட்டா போதும், அதுக்காக கிரிப்பை மாத்த வேண்டாம்.

5. புட்டி வச்சு உங்க கிரிப்பை நீங்களே செஞ்சு பாருங்க

இந்த ஒரு படி எனக்கு 330 டாலர் நஷ்டத்துக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. செலவு இருபது டாலர் கூட இல்ல.

உங்க பழைய டேக்டவுன் வில்லோட கிரிப் மேல சமையலறை க்ளிங் ராப் ரெண்டு சுத்து இறுக்கமா சுத்துங்க. முதல்ல பசங்க விளையாடற க்ளேயை அப்பி, வில் பிடிக்கற மாதிரி பிடிச்சு, எந்த இடத்துல அமுங்குது எந்த இடத்துல பிதுங்குதுன்னு பாருங்க. இது உருவம் தெரியறதுக்கு மட்டும், இழுத்துடாதீங்க, க்ளே வழுக்கிடும்.

அப்புறம் ஹார்ட்வேர் கடையில ரெண்டு பாகமா கலக்கற எப்பாக்ஸி புட்டி கிடைக்கும், மெதுவா இறுகற ரகமா வாங்குங்க, அஞ்சு நிமிஷத்துல இறுகறதை வாங்கினா நீங்க யோசிக்கறதுக்குள்ள கல்லாயிடும். நைட்ரைல் க்ளவுஸ் போட்டுகிட்டு சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சு, கலர் ஒரே மாதிரி ஆனதும் அப்புங்க. பிசையும்போது லேசா சூடாகும், பயப்படாதீங்க. மேல இன்னொரு க்ளிங் ராப் போட்டு, கையை வச்சு, கால்வாசி மட்டும் இழுத்து அஞ்சு செகண்ட் நின்னு, அப்படியே மெதுவா நாணை முன்னாடி கொண்டு வந்து விடுங்க. அம்பு இல்லாம நாணை சட்டுன்னு விட்டா லிம்ப் உடையும், இதை எழுதிக்கூட ஒட்டி வச்சுக்கோங்க.

மறுநாள் இறுகினதும் 80 நம்பர் உப்புத்தாள் வச்சு தேய்ங்க, வெளியில உக்காந்து மாஸ்க் போட்டுகிட்டு. பத்து அம்பு விடுங்க, எங்க உறுத்துதோ அங்க தேய்ங்க, மறுபடி பத்து. பள்ளமாயிட்டா இன்னும் கொஞ்சம் புட்டி. நான் மூணு வாரம் இப்படி நோண்டினேன், வீட்டுல அவர் "ஆப்பரேஷன் எப்போ முடியும்"னு கேட்டுட்டே இருந்தார். உள்ளங்கையில லிப்ஸ்டிக்கை லேசா பூசிட்டு வில்லைப் பிடிச்சு இழுத்தா, பாரம் எங்க விழுதோ அங்க கிரிப்ல கலர் பதியும், இது நானே கண்டுபிடிச்ச வித்தை, இதனால ஒரு லிப்ஸ்டிக் போச்சு. முதல் நாள் கலர் சுண்டுவிரல் பக்கம் வரைக்கும் பரவியிருந்துது. மூணாவது வாரம் கட்டைவிரல் மேட்டு பக்கமா ஒரு முட்டை வடிவத்துல மட்டும் நின்னுது. அப்போதான் எனக்கு என் கிரிப் எதுன்னே தெரிஞ்சுது.

ஒரே நாள்ல அறுபது அம்பு விட்டும் வலி இல்லைன்னா அதுதான் உங்க கிரிப். நாலு பக்கமும் ஸ்கேலோட போட்டோ எடுங்க, கழுத்து சுத்தளவை டேப்லயும், கழுத்து அகலம், முன்பின் ஆழம் ரெண்டையும் காலிப்பர்லயும் அளந்து எழுதுங்க. க்ளிங் ராப் போட்டதால புட்டியை ஒரு பக்கமா அறுத்து உரிச்சு எடுத்துடலாம், சில பேர் அதையே பார்சல்ல வாங்கி அதைப் பாத்து செதுக்கித் தருவாங்க, கேட்டுப் பாருங்க.

6. நேர்ல போய் பிடிச்சுப் பாருங்க

மிச்சிகன் பக்கம் இருக்கறவங்களுக்கு அதிர்ஷ்டம். ஜனவரி கடைசில கலமசூல இந்த மாதிரி வில்லுக்குன்னே ஒரு எக்ஸ்போ நடக்கும், ஜூன்ல பெரியன் ஸ்ப்ரிங்ஸ்ல காம்ப்டன்ங்கற பாரம்பரிய வில் வேட்டைக்காரங்க அமைப்போட கூடுகை இருக்கு. வில் செய்றவங்க ஸ்டால் போட்டிருப்பாங்க, பக்கத்துலயே அம்பு விட்டுப் பாக்க இடமும் இருக்கும். டெட்ராய்ட் பக்கத்து கேன்டன்ல இருந்து ஐ-94 ஹைவே பிடிச்சா கலமசூ ரெண்டு மணி நேரம் கூட ஆகாது, பனி கொட்டாம இருந்தா.

அங்க ஒரு பெரியவர் ஸ்டால்ல நான் வில்லை எடுத்து இழுக்கப் போனேன், இருங்கன்னு சொல்லிட்டு சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்து, "கோடு போடலாமா"ன்னு கேட்டுட்டு என் உள்ளங்கை ஆயுள் ரேகை மேலயே ஒரு நீலக் கோடு போட்டார். அப்புறம் பதினோரு வில்லை ஒண்ணொண்ணா குடுத்தார். ஒவ்வொரு தடவையும் கோடு வெளியில தெரியுதா மறையுதான்னு மட்டும் பாத்தார், அம்பு எங்க போச்சுன்னு திரும்பிக்கூட பாக்கலை. ஏழாவது வில்லுலதான் கோடு முழுசா தெரிஞ்சுது.

போறதுக்கு முன்னாடி ஞாபகம் வச்சுக்க வேண்டியது: ஒரு வில்லுல ஒரு அம்பு விட்டுட்டு நகராதீங்க, அஞ்சாறு விடுங்க. பிடிச்ச வில்லோட கிரிப்பை மட்டும் போட்டோ எடுத்து, கழுத்து சுத்தளவு கேட்டு எழுதிக்கோங்க. அன்னிக்கே அட்வான்ஸ் குடுக்காதீங்க, கூட்டத்துல, பளபளன்னு இருக்கற மரத்தைப் பாத்து கை பர்ஸுக்குப் போகும், எனக்கே போச்சு, வீட்டுக்காரர்தான் பிடிச்சு இழுத்தார்.

நேர்ல போக முடியாதவங்க, டெஸ்ட் வில் அனுப்பற ஆளுங்களைத் தேடுங்க. போக வர பார்சல் செலவு நம்மளோடதா இருக்கும், இருந்தாலும் தண்டம் இல்ல.

7. டிரா லெங்த்தும் வெயிட்டும்

டிரா லெங்த்னா நாணை முழுசா இழுத்து நிக்கும்போது வர்ற தூரம். வில்லுல எழுதியிருக்கற வெயிட் 28 இன்ச்ல அளந்தது. நம்ம ஊர் உயரத்துக்கு, முக்கியமா பொம்பளைங்களுக்கு, 28 வராது. என்னோடது இருபத்தஞ்சரை. ஒரு இன்ச் குறைஞ்சா ரெண்டு ரெண்டரை பவுண்ட் குறையும், அதனால 40னு எழுதின வில் என் கையில 34 கிட்டதான் நிக்கும். ஆர்டர்ல "40 பவுண்ட் வேணும்"னு மொட்டையா எழுதாதீங்க, "என் டிரா லெங்த் 25½, அந்த இடத்துல 32 பவுண்ட் வேணும்"னு எழுதுங்க.

டிரா லெங்த்தை எங்க வரைக்கும் அளந்தீங்கன்னும் சொல்லணும். ஏஎம்ஓங்கற வில் தயாரிப்பாளர் அமைப்போட கணக்குப்படி, அம்புல நாண் உக்கார்ற இடத்துல இருந்து கிரிப்போட ஆழமான புள்ளி வரைக்கும் அளந்து அதோட ஒண்ணே முக்கால் இன்ச் கூட்டணும். சில பேர் வில்லோட முன்பக்கம் வரைக்கும் அளப்பாங்க. ரெண்டும் ஒண்ணா வரும்னு சொல்ல முடியாது, ரைசர் தடிமனைப் பொறுத்தது. கையை விரிச்சு அளந்து ரெண்டரையால வகுக்கற கணக்கு தோராயம்தான், அதை நம்பி ஆர்டர் குடுக்காதீங்க.

வெயிட்டுக்கும் கிரிப்புக்கும் சம்பந்தம் இருக்குங்க. தாங்கற வெயிட்டை விட அஞ்சு பவுண்ட் கூட எடுத்தா, எவ்ளோ நல்ல கிரிப்பா இருந்தாலும் கை இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிப் பிடிச்சா செதுக்கினது எல்லாம் வீண்.

8. எழுத்துல என்னென்ன இருக்கணும்

போன்ல பேசினது எதுவும் கணக்கு இல்ல. என் முதல் ஆர்டர் முழுக்க போன்லதான், "மீடியம் கிரிப்"னு நான் சொன்னதை அவர் அவரோட மீடியம்னு எடுத்துக்கிட்டார், அவர் மேல தப்பு சொல்ல முடியாது. எல்லாருக்கும் மீடியம் ஒண்ணு இல்ல. பேசுங்க, ஆனா பேசி முடிச்சதும் ஈமெயில்ல இதெல்லாம் எழுதி "சரி"ன்னு பதில் வாங்குங்க:

- இழுக்கற கை, பிடிக்கற கை ரெண்டும் தனித்தனியா
- கை வரைபடம், கை நீளம், கை சுத்தளவு, புட்டி கிரிப் போட்டோ
- கழுத்து சுத்தளவு நம்பரா, "சின்னதா", "ஒல்லியா"ன்னு வார்த்தையில இல்ல
- டிரா லெங்த், எப்படி அளந்தது, அந்த இடத்துல வெயிட், ரெண்டு பவுண்ட் முன்ன பின்ன இருந்தா சரியா
- வில் நீளம்
- அம்புக்கு மேல ஒரு விரல் கீழ ரெண்டு விரலா, இல்ல மூணு விரலும் கீழயா. இதைப் பொறுத்து மேல் லிம்பு கீழ் லிம்பு சமநிலையை அவர் வேற மாதிரி வைப்பார்
- கிரிப்ல பளபளப்பா, மேட்டா. கை வேர்க்கறவங்க மேட் கேளுங்க, இல்லன்னா தோல் சுத்தச் சொல்லுங்க
- கிரிப் சரி வரலைன்னா ஒரு தடவை தேய்ச்சுத் தருவாரா, அதுக்கு காசு உண்டா, பார்சல் யார் செலவு
- வாரண்டி எத்தனை வருஷம், எதுக்கு செல்லாது

எட்டாவது கேள்விதான் தங்கம். மரத்தைக் கழிக்கறது சுலபம், கூட்ட முடியாது. அதனால ரெண்டு அளவுக்கு நடுவுல குழப்பமா இருந்தா கொஞ்சம் தடியா வாங்கிட்டு தேய்ச்சுக்கறது நல்லது. ஆனா நீங்களே வீட்டுல தேய்ச்சா வாரண்டி போயிடலாம், முதல்ல கேளுங்க.

9. காசு

நான் விசாரிச்ச வரைக்கும் ஒரே துண்டா வர்ற லாங்போ, ரிகர்வ் 600ல இருந்து 1200 டாலர் வரைக்கும், டேக்டவுன் அதை விட ஒரு இருநூறு முன்னூறு கூட. என் ரெண்டாவது வில் 850, கிரிப்பை அளவு பாத்து செதுக்க 40, நுனியில பலமான அடுக்குக்கு 30, பார்சல் இன்ஷூரன்ஸோட 38. அந்த நுனி அடுக்கை விட்டுடாதீங்க, அது இல்லாத வில்லுல ஃபாஸ்ட் ஃப்ளைட் மாதிரி இழுபடாத நாண் போட்டா நுனி அறுபடும், கொஞ்சம் இழுபடற டேக்ரான் நாண்தான் போடணும்.

இங்க 30 பவுண்டும் அதுக்கு மேலயும் இருக்கற வில்லுக்கு 11 சதவீதம் ஃபெடரல் எக்சைஸ் வரி உண்டு, அதைக் கட்ட வேண்டியது செய்றவர். சொன்ன விலையில அது சேர்ந்திருக்கா, கடைசி பில்லுல தனியா வருமான்னு முதல்லயே கேட்டுடுங்க, 850க்கு அது 93 டாலர். இதுக்கு மேல மிச்சிகன்ல 6 சதவீதம் சேல்ஸ் டாக்ஸ்.

அட்வான்ஸ் நூறு டாலர்ல இருந்து பாதி விலை வரைக்கும் கேப்பாங்க. பேபால்ல "நண்பர், குடும்பம்"னு அனுப்பச் சொன்னா அனுப்பாதீங்க, அதுக்கு வாங்கறவங்க பாதுகாப்பு கிடையாது. கார்டுல குடுத்தாலும் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, பணத்தைத் திருப்பிக் கேக்கற கெடு சில மாசம்தான், வில் வர ஒரு வருஷம் ஆச்சுன்னா அட்வான்ஸுக்கு அந்தக் கெடு முடிஞ்சிருக்கலாம். அதனால அட்வான்ஸ் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது.

10. எத்தனை நாள்

சொல்றது நாலு மாசம்னா ஆறு வைங்க, எட்டுன்னா ஒரு வருஷம். பெரும்பாலும் ஒரே ஆள், ஒரு கொட்டகை, அவ்ளோதான் கம்பெனி. வேட்டை சீசன் அக்டோபர்ல தொடங்கறதால கோடையில எல்லாரும் ஒரே நேரத்துல அவரைப் பிடிச்சு உலுக்குவாங்க. ஜனவரி, பிப்ரவரில ஆர்டர் குடுத்துடுங்க. மாசத்துக்கு ஒரு ஈமெயில் போதும், வாரம் வாரம் போன் பண்ணி கிரிப் செதுக்கற மனுஷனைக் கடுப்பேத்தாதீங்க. ஆனா கிரிப் செதுக்கற அன்னிக்கு, ஃபினிஷ் அடிக்கறதுக்கு முன்னாடி, ஸ்கேலோட ஒரு போட்டோ அனுப்பச் சொல்லி முதல்லயே கேட்டு வைங்க. எனக்கு அப்படி வந்த போட்டோல கழுத்து கால் இன்ச் கூட இருந்துது, அன்னிக்கே தேய்ச்சுட்டார், வார்னிஷ் அடிச்ச அப்புறம்னா அது தனி வேலை, தனி காசு.

11. மரம், கலர்

கடைசில பாத்துக்கலாம். கனமான மரம் கையில ஆடாம நிக்கும், லேசான மரம் நாள் முழுக்க தூக்க சுகம். அவ்ளோதான்.

12. வில் வந்த அன்னிக்கு

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. லிம்புல விரிசல், ஒட்டின இடத்துல வெள்ளைக் கோடு, நுனி முறுக்கு இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. எழுதியிருக்கற வெயிட்டும் டிரா லெங்த்தும் நீங்க கேட்டதுதானான்னு பாருங்க. டேப் எடுத்து கழுத்து சுத்தளவு அளங்க. நாண் ஏத்த ஸ்ட்ரிங்கர் கயிறு கட்டாயம், காலுக்கு நடுவுல குடுத்து வளைச்சு ஏத்தினா லிம்ப் முறுக்கிக்கும், வாரண்டியும் பேசாது. வெயில் காலத்துல காருக்குள்ள விட்டுட்டு ஷாப்பிங் போகாதீங்க, சூட்டுல ஒட்டு விட்டுடும்.

முதல் நாள் இருபது அம்பு, அடுத்த நாள் நாப்பது, மூணாவது நாள் அறுபது. ஒவ்வொரு நாளும் முடிச்சதும் உள்ளங்கையை போட்டோ எடுங்க. சிவப்பு கட்டைவிரல் மேட்டுல பரவலா இருந்தா அது பழக்கத்துல போயிடும். ஒரே புள்ளியா, ஒரு மொளகு சைஸுக்கு இருந்தா அங்க கிரிப்ல ஒரு விளிம்பு இருக்குன்னு அர்த்தம், போட்டோவோட அவருக்கு எழுதுங்க. லேசா வழுக்குது, லேசா ஒல்லியா இருக்குன்னா டென்னிஸ் ராக்கெட்டுக்கு சுத்தற டேப் ரெண்டு சுத்து போட்டுப் பாருங்க, நாலு டாலர்ல முடியும்.

திருப்பி அனுப்பற கெடு, தேய்ச்சுத் தர்ற கெடு இருந்தா பெரும்பாலும் ரெண்டு வாரம்தான். அது பெட்டி வாசல்ல வந்து விழுந்த நாள்ல இருந்து ஓட ஆரம்பிக்கும், நீங்க பிரிச்ச நாள்ல இருந்து இல்ல. அதனால ஊருக்குப் போற மாசம்னா முன்கூட்டியே அவர்கிட்ட சொல்லி, வந்த அப்புறம் அனுப்பச் சொல்லிடுங்க.